பழைய காரில் எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: வயரிங், ரிலே, ஸ்விட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ட்டில் ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்ட நினைப்பவர்களும், எலக்ட்ரிக் ஃபேனோடு வந்த பழைய வண்டியில் கருகிப்போன வயரிங்கைப் புதிதாக இழுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்த) வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி ஃபேன் நல்லது என்ற விசாரணை இதில் இல்லை. நான் பார்த்த வண்டிகளில் குறை பெரும்பாலும் ஃபேனில் இருந்ததில்லை. பேட்டரிக்கும் ஃபேனுக்கும் நடுவில் எங்காவது இருக்கும்.

கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் ஃபேன் இன்ஜின் நின்றால் நிற்கும். எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுழலும்.

பெல்ட் ஃபேன் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டாம். வண்டி சூடாகவில்லை என்றால் அப்படியே விடுங்கள். பெல்ட் ஃபேனுக்கு ஃபியூஸ் போகாது, ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொள்ளாது.

மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. நெரிசலில் வண்டி நிற்கும்போதுதான் ரேடியேட்டருக்குக் காற்று அதிகம் வேண்டும். அப்போதுதான் இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும், பெல்ட் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். மணிக்கு 50, 60 கிலோமீட்டரைத் தாண்டினால் எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும், ஆனால் அந்த நேரத்தில் பெல்ட் ஃபேன் வீணாக வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எலக்ட்ரிக் ஃபேன் இதைத் தலைகீழாக்குகிறது. புதிய யோசனையும் அல்ல இது: 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப்பில் தெர்மோ ஸ்விட்சோடு (தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானே இயங்கும் ஸ்விட்ச்) எலக்ட்ரிக் ஃபேன் இருந்தது. இன்ஜினைக் குறுக்காக வைத்த 1969-ன் ஃபியட் 128 போன்ற முன்சக்கர வண்டிகளில் ரேடியேட்டரைப் பார்த்தபடி கிராங்க் புல்லி இருக்காது என்பதால் எலக்ட்ரிக் ஃபேன் தானாகவே வழக்கமாயிற்று.

மைலேஜ் ஏறும் என்று யாராவது பெரிதாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். கிடைக்கும், கொஞ்சம்தான்.

என் வண்டி சூடாகிறது. ஃபேன் மாற்றினால் சரியாகுமா?

எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள். சிக்னலில் நின்றால் சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்றுக் குறைவு, ஃபேன் உதவும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஏறினால் ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடைத்த ரேடியேட்டர், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

ஃபேன் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?

வயர், ஃபியூஸ், ரிலே மூன்றையும் தீர்மானிப்பது இந்த எண்தான். பன்னிரண்டு அங்குல ஒற்றை ஃபேன் ஓட்டத்தில் ஏறத்தாழ 7 முதல் 12 ஆம்பியர் எடுக்கும். பதினாறு அங்குலம் 15 முதல் 25 வரை போகும். பெரிய கார்களில் இருந்து கழற்றி விற்கும் இரட்டை ஃபேன் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். மோட்டாரில் வாட் அச்சிட்டிருந்தால் அதை 13-ஆல் வகுங்கள்: 250 வாட் என்றால் 19 ஆம்பியருக்குப் பக்கம்.

இது ஓடும்போது எடுக்கும் கரண்ட். நின்ற மோட்டார் கிளம்பும் நொடியில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு, பெரிய மோட்டாரில் அதற்கும் மேலே இழுக்கும். பழைய வண்டியில் ஃபேன் கிளம்பும்போது ஹெட்லைட் ஒரு முறை மங்கி எழுவது இதனால்தான்.

டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் அளந்தே பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிட அது நம்பகம். பேரிங் இறுகிய பழைய மோட்டார், லேபிளில் உள்ளதைவிட நிறைய இழுக்கும்.

டைனமோ உள்ள வண்டியில் போடலாமா?

யோசித்துப் போடுங்கள். அந்தக் காலத்தில் ஏராளமான வண்டிகளில் இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவே 22 ஆம்பியர். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ஐட்லிங்கில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது, ஃபேனோ சரியாக ஐட்லிங்கில்தான் ஓடும். அப்படியானால் மொத்தக் கரண்டும் பேட்டரியிலிருந்து போகிறது என்று அர்த்தம். இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் நெரிசலில் அரை மணி நேரம் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வது சந்தேகம்தான்.

8 ஆம்பியர் எடுக்கும் சின்ன ஃபேன், அதுவும் பெல்ட் ஃபேனுக்குத் துணையாக என்றால் சமாளிக்கலாம். பெல்ட் ஃபேனையே கழற்றுவதானால் ஆல்டர்நேட்டருக்கு மாறிய பிறகு செய்யுங்கள். ஆல்டர்நேட்டரிலும் கணக்குப் பாருங்கள். லூகாஸ் 17 ஏசிஆர் முழு வேகத்தில் 36 ஆம்பியர் தரும், ஐட்லிங்கில் அதைவிட மிகவும் குறைவு. ஹெட்லைட் இரண்டும் 9, வைப்பர், பிளோயர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 10 என்றால், 20 ஆம்பியர் ஃபேனுக்கு அதில் இடமில்லை.

ரிலே கட்டாயமா? டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து நேராகக் கொடுத்தால் என்ன?

15 ஆம்பியரை டாஷ்போர்டு வரை உள்ளே இழுத்துப் போய், அங்கே ஒரு சின்ன ஸ்விட்சின் முனையில் அறுத்து ஒட்டி, மறுபடி வெளியே கொண்டுவர வேண்டும். வயர் நீளம் இரட்டிப்பு, இழப்பு இரட்டிப்பு, கருகுவது சீட்டுக்கு முன்னால். ரிலே போடுங்கள்.

சாதாரண நான்கு முள் ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30-ல் பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக. 87-லிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேனின் நெகட்டிவ் எர்த்துக்கு. 86-ல் சாவி போட்டால் மட்டும் வரும் பாசிட்டிவ், அதற்குத் தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ். 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச், அங்கிருந்து எர்த். தண்ணீர் சூடானால் ஸ்விட்ச் 85-ஐ எர்த்தில் சேர்க்கும், ரிலே 'டக்' என்று இழுக்கும், ஃபேன் ஓடும். ரிலேயின் காயிலில் (85-க்கும் 86-க்கும் நடுவே உள்ள சுருள்) போவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, அதனால் ஸ்விட்சுக்கு மெல்லிய வயரே போதும்.

ஐந்தாவது முள்ளாக 87ஏ இருந்தால் அதைச் சும்மா விடுங்கள். ரிலே இழுக்காத நேரத்தில் அங்கே கரண்ட் வந்துகொண்டிருக்கும், அதை 87-ஓடு சேர்த்துவிட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது.

மேலே 40 ஆம்பியர் என்று எழுதிய மலிவு ரிலே, உள்ளே 20-க்கே திணறும். 25 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் ஃபேனுக்கு அகல முள் உள்ள 70 ஆம்பியர் ரிலே வாங்குங்கள், இல்லாவிட்டால் இரட்டை ஃபேனில் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே. பழைய ஸ்டார்ட்டர் சோலினாய்டை ரிலேயாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சில நொடிகள் இழுத்துப் பிடிக்கச் செய்தது, தொடர்ந்து இருபது நிமிடம் இழுத்தால் காயில் வெந்துவிடும்.

ரிலேயை முள் கீழே பார்க்கும்படி, எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள்.

85, 86 மாறினால் பரவாயில்லையா?

உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத ரிலே என்றால் பரவாயில்லை. டயோடு உள்ள ரிலேயில் மாற்றினால் டயோடு வழியே ஷார்ட் ஆகும். ரிலே மேல் வரைந்திருக்கும் படத்தில் காயிலுக்குக் குறுக்கே முக்கோணம் தெரிந்தால் 86 பாசிட்டிவ்தான்.

இக்னிஷன் லைனிலிருந்தே ஃபேனுக்குக் கரண்ட் எடுத்தேன். சாவியை அணைத்தும் இன்ஜின் சில நொடி ஓடுகிறது. ஏன்?

சுழல்கிற ஃபேன் மோட்டார் ஒரு ஜெனரேட்டர். சாவியை அணைத்த பிறகும் இறக்கை தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அது உண்டாக்கும் வோல்ட் அதே லைன் வழியாகத் திரும்பி இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. ஃபேன் மெதுவாகும்வரை இன்ஜின் ஓடும். பேய் வேலை ஒன்றும் இல்லை. 30-ஐ பேட்டரி பக்கத்திலிருந்து எடுத்து, இக்னிஷன் லைனை 86-க்கு மட்டும் விட்டால் இது நின்றுவிடும்.

அந்த 86-க்கான லைனையும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவிலிருந்து எடுக்காதீர்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் மின்தடை) உள்ள வண்டியில் அங்கே 12 வோல்ட் இருக்காது. ரிலே இழுத்தும் இழுக்காமலும் படபடத்து முனைகளைத் தீய்த்துக்கொள்ளும். ஃபியூஸ் பாக்ஸில் சாவிக்குப் பின்னால் உள்ள முனையே சரி.

பேட்டரியிலிருந்து எடுப்பதா, ஆல்டர்நேட்டரிலிருந்தா?

வோல்ட் மீட்டர் உள்ள வண்டியில் எது பக்கமோ அது. டாஷ்போர்டில் ஆம்மீட்டர் இருக்கும் வண்டியில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே பேட்டரி முனையிலிருந்து எடுத்தால், ஃபேனுக்கான மொத்தக் கரண்டும் ஆல்டர்நேட்டரிலிருந்து ஆம்மீட்டரைக் கடந்து பேட்டரிக்கு வந்து அங்கிருந்து ஃபேனுக்குப் போகும். மீட்டர் எந்நேரமும் 20 ஆம்பியர் சார்ஜ் என்று பொய் சொல்லும், அதன் பின்னால் இருக்கும் அறுபது வருடப் பழைய முனைகளும் சுடும். அந்த வண்டியில் ஆல்டர்நேட்டரின் பெரிய முனையிலிருந்தே எடுங்கள். பேட்டரிதான் அங்கேயும் மின்வழங்கி, ஆகவே ஃபியூஸ் அந்த முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வர வேண்டும்.

எவ்வளவு கனமான வயர்?

ஃபேன் விற்கும் கிட்டில் வரும் வயர் பெரும்பாலும் போதாது. கணக்கு எளிது: 0.0175-ஐ வயரின் மீட்டர் நீளத்தாலும் ஆம்பியராலும் பெருக்கி, செம்பின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை வோல்ட் வழியில் போகிறது என்று வரும்.

20 ஆம்பியர் ஃபேன், பேட்டரியிலிருந்து ரிலே வழியாக ஃபேன் வரை இரண்டரை மீட்டர் என்று வையுங்கள். 1 ச.மி.மீ. வயரில் 0.88 வோல்ட் காணாமல் போகும், 2.5-ல் 0.35, 4-ல் 0.22. எர்த் பக்கமும் அதே நீளம் இருந்தால் இவை அப்படியே இரட்டிப்பு. அதன் மேல் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும்.

ஒன்றிரண்டு வோல்ட் போனால் என்ன என்று தோன்றும். ஆல்டர்நேட்டர் 13.5 வோல்ட் தரும்போது ஃபேன் முனையில் 11.5 மட்டும் கிடைத்தால், மோட்டாருக்குள் போகும் வாட்டில் கால் பங்குக்கு மேல் காணோம். காற்றும் அதற்கேற்பக் குறையும். பெரிய ஃபேன் வாங்கி மெல்லிய வயரில் ஓட்டுவதைவிட, நடுத்தர ஃபேனுக்குக் கனத்த வயர் போடுவது மேல்.

10 ஆம்பியர் வரை 2.5, 20 வரை 4, 30 வரை 6 ச.மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடாமலே சரியாக வரும். வயரின் வெளிக் கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், தோல்தான் தடிமனாக இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம்; செம்பைவிட மின்தடை அதிகம், கிரிம்ப் செய்த (நசுக்கி இணைத்த) இடத்தில் நாளடைவில் தளரவும் செய்யும்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? அடிக்கடி போகிறதே, பெரிதாகப் போட்டால் என்ன?

ஓடும் கரண்டைப் போல ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு. 20 ஆம்பியர் ஃபேனுக்கு 30. ஃபியூஸ் காப்பது வயரைத்தான், ஃபேனை அல்ல. வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போட்டால் வயரே ஃபியூஸாகிவிடும். கிளம்பும் நொடியில் மட்டும் போகிறது என்றால் மெதுவாக உருகும் வகையைப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது போகிறது என்றால் மோட்டார் இறுகியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: ஃபியூஸ் போகாது, ஃபியூஸ் ஹோல்டர் உருகும். ஹோல்டரைத் திறந்தால் ஒரு பக்கத்துக் காலுக்கு அருகே மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி, அந்தக் கால் நீலமும் கறுப்புமாகத் தீய்ந்திருக்கும். மறு கால் புதிதுபோல் பளிச்சென்று இருக்கும். ஃபியூஸின் கம்பியோ முழுசு. கரண்ட் அதிகம் போனதால் வந்ததல்ல இது. அந்த ஒரு பக்கத்தில் கிளிப் தளர்ந்து பிடிப்பு போய்விட்டது. அங்கே 0.7 வோல்ட் நின்றால் 15 ஆம்பியரில் பத்து வாட்டுக்கு மேல் சூடு, இண்டிகேட்டர் பல்பு எடுக்கும் 21 வாட்டில் பாதி, அதுவும் நகக்கண் அளவு இடத்தில். ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி உருகும். ஹோல்டரையே மாற்றுங்கள், கனத்த வயர் ஏற்கனவே கிரிம்ப் செய்து வரும் வகையாகப் பார்த்து. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஹோல்டர் இந்த வேலைக்கு ஆகாது.

எர்த் எங்கே கொடுப்பது?

பேட்டரி நெகட்டிவுக்கே ஒரு வயர் இழுத்துவிடுங்கள், பாசிட்டிவ் எவ்வளவு கனமோ அதே கனத்தில். பாடியில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெயின்ட்டைச் சுரண்டி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ரேடியேட்டரைப் பிடிக்கும் போல்ட்டில் கொடுக்காதீர்கள், நிறைய வண்டிகளில் ரேடியேட்டர் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

தெர்மோ ஸ்விட்ச் எத்தனை டிகிரியில் வாங்குவது?

உங்கள் வண்டியின் தெர்மோஸ்டாட் எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'சீக்கிரம் ஓடினால் நல்லதுதானே' என்று 82 டிகிரியில் ஓடி 77-ல் நிற்கும் ஸ்விட்ச் போடுவார்கள். தெர்மோஸ்டாட் 82-ல்தான் திறக்கவே ஆரம்பிக்கும், முழுதாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். அதாவது இன்ஜின் தன் இயல்பான சூட்டை 82-க்குக் கீழே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஃபேனோ 77-ஐ எதிர்பார்த்து ஓடிக்கொண்டே இருக்கிறது. நெரிசலில் அந்த 77 வராது.

ஸ்விட்சில் இரண்டு எண் இருக்கும், 92–87, 95–90 என்பது போல. முதலாவது ஓடும் சூடு, இரண்டாவது நிற்கும் சூடு. நிற்கும் எண்தான் முக்கியம். அது தெர்மோஸ்டாட் எண்ணுக்கு மேல் சில டிகிரியாவது இருக்க வேண்டும். 82 தெர்மோஸ்டாட்டுக்கு 92–87 நன்றாகப் பொருந்தும். 88 தெர்மோஸ்டாட் என்றால் அதற்கும் மேலே போக வேண்டும்.

ஸ்விட்ச் உட்காரும் இடமும் கணக்கில் வரும். மேல் ஹோஸ் பக்கம் இன்ஜினிலிருந்து வரும் தண்ணீரின் சூடு அப்படியே தெரியும். ரேடியேட்டரின் வெளியேறும் பக்கத்துத் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் வருவதால் சில டிகிரி குறைவாகத் தெரியும். அங்கே என்றால் ஒரு படி கீழான எண்ணை எடுங்கள். எனக்கு வெளியேறும் பக்கமே பிடிக்கும். ரேடியேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்வரை ஃபேன் சும்மா இருக்கும், அது கைவிடும்போது மட்டும் ஓடும்.

ரேடியேட்டரில் ஸ்விட்ச் வைக்க ஓட்டை இல்லை. என்ன செய்வது?

ஹோஸை வெட்டி நடுவில் செருகும் உலோகக் குழாய் கிடைக்கிறது, அதில் ஸ்விட்சுக்கு மரை போட்டிருக்கும். இதில் ஒரு பொறி உண்டு: குழாயின் இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், அதற்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை ஸ்விட்ச் தன் உடம்பு வழியாக எர்த் தேடும், கிடைக்காது, ஃபேன் ஓடாது. குழாயில் கிளிப் போட்டுத் தனி எர்த் வயர் கொடுங்கள், அல்லது இரண்டு முனை உள்ள ஸ்விட்ச் வாங்குங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாலும் சில நேரம் இதே கதை.

ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே செருகும் உணர்கம்பியும், திருகி மாற்றும் குமிழும் உள்ள வகை மாட்டுவதற்குச் சுலபம். அது பார்ப்பது தண்ணீரின் சூட்டை அல்ல, இதழின் சூட்டை. மழையில், எதிர்க்காற்றில் தடுமாறும். தற்காலிகத்துக்குச் சரி.

சூடு காட்டும் மீட்டரின் சென்சாரிலிருந்தே ரிலேயை இயக்கலாமா?

முடியாது. அது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பொருள், ஸ்விட்ச் அல்ல. ரிலே காயிலை அதில் சேர்த்தால் ரிலேயும் ஒழுங்காக இழுக்காது, முள்ளும் பொய் சொல்லும்.

சாவியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடட்டுமா?

86-ஐ நேராகப் பேட்டரியில் கொடுத்தால் ஓடும். நிறுத்திய இன்ஜினில் வாட்டர் பம்ப் ஓடாது, அதனால் ஃபேன் குளிர்விப்பது ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீரை மட்டும். இன்ஜின் ஹெட்டில் உள்ள சூடு அங்கேயேதான் இருக்கும். கார்புரேட்டர் பெட்ரோல் கொதித்து, சூடாக ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பானெட்டுக்குள் காற்று ஓடுவது கொஞ்சம் உதவும். மற்ற வண்டியில் சாவியோடு நிற்பதே நல்லது. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் காலையில் பேட்டரி இருக்காது.

இரண்டு ஃபேன் போட்டு, மெதுவேகம், முழுவேகம் என்று பிரிக்க வேண்டும். எப்படி?

பழைய முறை ஒரு ரெசிஸ்டர். 0.5 ஓம் ரெசிஸ்டரில் 10 ஆம்பியர் போனால் 5 வோல்ட் அங்கே நிற்கும், 50 வாட் வெறும் சூடாகும். அதனால்தான் அதைக் காற்றோட்டத்தில் மாட்டியிருப்பார்கள். இரண்டு வேக ஃபேன் உள்ள வண்டியில் மெதுவேகம் மட்டும் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

இதைவிட அழகான வழி, கார் கம்பெனிகளே நிறைய வண்டிகளில் செய்திருப்பது: மெதுவேகத்தில் இரண்டு ஃபேனும் தொடராக, முழுவேகத்தில் இணையாக. ரிலே மூன்று வேண்டும். முதல் ரிலே பேட்டரியிலிருந்து முதல் ஃபேனின் பாசிட்டிவுக்கு. இரண்டாவது ஐந்து முள் ரிலே: அதன் 30 முதல் ஃபேனின் நெகட்டிவில், 87ஏ இரண்டாம் ஃபேனின் பாசிட்டிவில், 87 எர்த்தில். மூன்றாவது பேட்டரியிலிருந்து இரண்டாம் ஃபேனின் பாசிட்டிவுக்கு. இரண்டாம் ஃபேனின் நெகட்டிவ் எப்போதும் எர்த்தில்.

முதல் ரிலே மட்டும் இழுத்தால் கரண்ட் முதல் ஃபேனைக் கடந்து, 87ஏ வழியாக இரண்டாம் ஃபேனைக் கடந்து எர்த்துக்குப் போகும். ஆளுக்குப் பாதி வோல்ட். இரண்டும் சத்தமில்லாமல் சுற்றும், ஒரு வாட்கூட ரெசிஸ்டரில் எரியாது. மூன்றும் இழுத்தால் ஒவ்வொரு ஃபேனுக்கும் முழு வோல்ட். இரண்டு நிலை தெர்மோ ஸ்விட்சின் முதல் நிலையை முதல் ரிலேயின் 85-க்கும், இரண்டாம் நிலையை மற்ற இரண்டின் 85-க்கும் கொடுங்கள்.

இந்த வயரிங் உள்ள வண்டியில் மெதுவேகத்தில் இரண்டும் ஓடாமல் முழுவேகத்தில் ஒன்று மட்டும் ஓடினால், பெரும்பாலும் ஓடாத அந்த மோட்டார்தான் போயிருக்கும்.

ஏசி போட்டால் ஃபேன் ஓட வேண்டும். ஏசி லைனை எங்கே சேர்ப்பது?

கம்ப்ரஸர் கிளட்சுக்கு வருவது பாசிட்டிவ், நம் தெர்மோ ஸ்விட்ச் கொடுப்பது எர்த். இரண்டையும் நேராக முடிச்சுப் போட முடியாது. இன்னொரு சின்ன ரிலே வையுங்கள்: 86-ல் கிளட்ச் பாசிட்டிவ், 85-ம் 30-ம் எர்த்தில், 87-ஐ முக்கிய ரிலேயின் 85-க்கு. ஏசி போட்டதும் இது தெர்மோ ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இன்னொரு எர்த்தாக நிற்கும். ஒன்றை மற்றொன்று தொந்தரவு செய்யாது.

வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் போடலாமா?

பிரஷ் (சுழலும் பகுதியைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) உள்ள சாதாரண மோட்டாருக்குப் போடலாம். மெதுவாகக் கிளப்புவதால் ஹெட்லைட் மங்காது, ஃபியூஸும் பிழைக்கும். வாங்கும்போது தொடர் கரண்ட் எவ்வளவு என்று பாருங்கள், உச்ச கரண்டைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள். புது வண்டியிலிருந்து கழற்றிய பிரஷ் இல்லாத ஃபேன் என்றால் கன்ட்ரோலர் அதன் உள்ளேயே இருக்கும். அதற்கு இரண்டு கனத்த வயரில் முழு வோல்ட்டும், மெல்லிய வயரில் சிக்னலும் போக வேண்டும். வோல்ட்டைக் குறைத்து அதை மெதுவாக்கப் பார்க்காதீர்கள்.

ஃபேன் ரேடியேட்டருக்கு முன்னாலா, பின்னாலா?

இடம் இருந்தால் பின்னால், ஷ்ரௌடோடு (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கூடு). ஷ்ரௌட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டும்தான் குளிர்விக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். முன்னால் மாட்டுவதானால் தள்ளும் வகை இறக்கை வேண்டும். மோட்டாரின் வயரை மாற்றினால் சுழற்சி திரும்பும், ஆனால் இறக்கையின் வளைவு திரும்பாது, காற்று பாதியாகிவிடும். எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதற்கு ரேடியேட்டரின் முன்னால் ஒரு தாளைக் காட்டினால் போதும், ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ரேடியேட்டர் இதழ் வழியாகக் கோர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டை கிட்டிலேயே வரும். தூக்கிப் போடுங்கள். அதிர்வில் அது குழாயை அறுக்கும்.

வண்டி பாசிட்டிவ் எர்த். என்ன மாறும்?

ஃபேனின் இரண்டு வயரும் இடம் மாறும், அவ்வளவுதான். ஆனால் மோட்டாரின் உடம்பு உள்ளே நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். சேர்ந்திருந்தால் ரப்பர் வைத்துப் பாடியிலிருந்து பிரிக்க வேண்டும். டயோடு இல்லாத ரிலே அப்படியே வேலை செய்யும். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வேண்டவே வேண்டாம்.

டாஷ்போர்டில் கையால் போடும் ஸ்விட்ச் வைக்கலாமா?

வையுங்கள். தெர்மோ ஸ்விட்சுக்கு இணையாக, 85-ஐ எர்த் செய்யும்படி. தெர்மோ ஸ்விட்ச் வழியில் போனால் வீடு வந்து சேரலாம். 86 லைனில் அணைக்கும் ஸ்விட்ச் ஒன்றும் இருந்தால், முழங்கால் தண்ணீரில் இறங்கும்போது ஃபேனை நிறுத்தலாம். ஓடும் இறக்கை தண்ணீரில் பட்டால் வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும்.

முள் சிவப்பைத் தொடுகிறது, ஃபேன் ஓடவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

சாவியைப் போட்டு, தெர்மோ ஸ்விட்சின் வயரைக் கழற்றுங்கள். ஒற்றை வயர் என்றால் எர்த்தில் தொடுங்கள், இரட்டை என்றால் ஒன்றோடொன்று. கை இறக்கைப் பக்கம் போகக் கூடாது.

ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் வரை வயரிங் சரி. ஸ்விட்ச் போயிருக்கிறது, அல்லது ஒற்றை முனை ஸ்விட்சுக்கு எர்த் கிடைக்கவில்லை, அல்லது ஸ்விட்சைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்கிறது. கூலன்ட் மாற்றிய மறுநாள் வரும் புகார் என்றால் காற்றுதான். ஆறிய பிறகு காற்றை எடுங்கள்; சூட்டில் மூடியைத் தொடாதீர்கள்.

ரிலே சத்தமே போடவில்லை என்றால் 86-க்கு வரும் சின்ன ஃபியூஸைப் பாருங்கள். சத்தம் வந்து ஃபேன் ஓடவில்லை என்றால் 30, பிறகு 87, பிறகு ஃபேன் பிளக் என்று டெஸ்ட் லேம்ப்பால் வரிசையாகப் போங்கள். இங்கே மீட்டரைவிட லேம்ப் நல்லது. வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், லேம்ப் பிரகாசமாக எரியாது. பிளக்கில் லேம்ப் நன்றாக எரிந்தும் ஃபேன் அசையவில்லை என்றால் மோட்டாரின் முதுகில் சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டுங்கள். ஓட ஆரம்பித்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேரலாம், அதற்கு மேல் நம்ப முடியாது.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் சோம்பலாக. எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின், ஃபேன் இரண்டும் ஓடும்போது மீட்டரை எடுங்கள். பேட்டரியில் 13.8, ஃபேன் பிளக்கில் 12.1 என்று வைத்துக்கொள்வோம். 1.7 வோல்ட் எங்கோ போகிறது. சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை ஃபேன் பாசிட்டிவிலும் வையுங்கள்: 1.3. மீதி 0.4 எர்த் பக்கம். இப்போது பாசிட்டிவ் பாதையை ஒவ்வொரு துண்டாக அளந்து வாருங்கள். ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கம் 0.7, ரிலேயின் 30-க்கும் 87-க்கும் நடுவே 0.15, மீதி வயரில். எங்கே கை வைக்க வேண்டும் என்று எண்ணே சொல்லிவிட்டது. மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்துவிட்டால் விட்டுவிடலாம்.

ஃபேன் ஓடும்போது ரேடியோவில் கரகரப்பு.

பிரஷ் பொறியின் சத்தம். ரேடியோவின் எர்த்தைச் சரிபார்த்த பிறகு, மோட்டார் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே சப்ரஸர் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். கம்பெனி ஃபேன்களில் பிளக் பக்கத்திலேயே அது இருந்திருக்கும். மாற்றும்போது பழையதோடு போயிருக்கும்.